டி65 என்றால் எது? எண்ணும் எழுத்தும் கலந்த குறியீடுகள்: ஓர் எளிய விளக்கம்

கல்யாண வீடியோக்களுக்கு நிறம் சரிசெய்து தரும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. ஒருநாள் அவர் அறையில் உட்கார்ந்திருந்தபோது போனில் இருந்த ஒரு போர்க்கப்பல் படத்தைக் காட்டினேன். ஐஎன்எஸ் சென்னை. ஊர்ப் பெயர் தாங்கிய கப்பலாயிற்றே என்று பெருமையாகக் காட்டியது நான். அவர் கண் போனது பெயரின் மேல் அல்ல, கப்பலின் பக்கவாட்டில் பெரிதாக எழுதியிருந்த குறியீட்டின் மேல்.

“என்னப்பா இது, மானிட்டர் செட்டிங்கைக் கொண்டுபோய்க் கப்பல்ல எழுதி வச்சிருக்காங்க?”

எழுதியிருந்தது டி65. திரும்பி அவருடைய மானிட்டரைப் பார்த்தால், அதன் மெனுவிலும் டி65 என்றுதான் இருந்தது.

இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்பது இருவருக்குமே தெரியும். ஆனாலும் அன்றைய பேச்சு அதையே சுற்றிச் சுற்றி வந்தது. வீட்டுக்கு வந்து தேடினால் மூன்றாவதாக ஒரு டி65 கிடைத்தது, அப்புறம் நாலாவதாக ஒன்று. ஒன்று செஸ் ஆட்டத்தில், இன்னொன்று ஆஸ்பத்திரிக் கோப்பில். இந்த நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ரோடு, கப்பல், பேப்பர், வைட்டமின் என்று எல்லாவற்றின் மேலும் ஒட்டியிருக்கும் இந்த எண்ணெழுத்துக் குறியீடுகள் எப்படி வேலை செய்கின்றன என்பது ஓரளவு பிடிபட்டுவிடும்.

(நான் டி என்று எழுதுவது டெல்லியில் வரும் டி. தமிழில் எழுதும்போது இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. பின்னால் வருகிறேன்.)

நாலு டி65

முதலில் கப்பல். கடற்படைக் கப்பல் ஒவ்வொன்றுக்கும் பெயரோடு ஒரு ‘பெனன்ட்’ எண்ணும் உண்டு. பெனன்ட் என்பது கப்பலில் ஏற்றும் ஒருவகைக் கொடி. தூரத்தில் வரும் கப்பல் எது என்று காட்டுவதற்குக் கொடிகளை ஏற்றிய காலத்திலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இது பிரிட்டிஷ் கடற்படையின் வழக்கம். 1948-ல் அவர்கள் இதை ஒழுங்குபடுத்தியபோது, முன்னால் வரும் எழுத்து கப்பலின் வகையைச் சொல்ல வேண்டும் என்று வைத்தார்கள். டெஸ்ட்ராயர் எனப்படும் நாசகாரிக் கப்பலுக்கு டி, ஃப்ரிகேட்டுக்கு எஃப், விமானந்தாங்கிக் கப்பலுக்கு ஆர். இந்தியக் கடற்படையும் அதே வழியில்தான் போகிறது. கொல்கத்தா வகை நாசகாரிகள் மூன்று: கொல்கத்தா டி63, கொச்சி டி64, சென்னை டி65. மும்பையில் மசகான் தளத்தில் கட்டிய இந்தச் சென்னை, 2016 நவம்பர் 21-ல் படையில் சேர்ந்தது. அடுத்த வகையில் முதலாவதாக வந்த விசாகப்பட்டினத்துக்கு டி66. அதாவது இங்கே 65 என்பதற்கு வரிசையில் 64-க்கு அடுத்தது என்பதைத் தவிர வேறு பொருள் கிடையாது.

இரண்டாவது, நண்பரின் மானிட்டரில் இருந்தது. அங்கே டி என்றால் டேலைட், பகல் வெளிச்சம். 65 என்பது 6500 கெல்வின் என்ற நிற வெப்பநிலையின் சுருக்கம். ‘வெள்ளை’ என்று நாம் சொல்வது ஒரே நிறம் இல்லை. குண்டு பல்பின் கீழே வைத்த வெள்ளை வேட்டி மஞ்சளடிக்கும், மேகமூட்டத்தில் அதே வேட்டி லேசாக நீலம் பாயும். அதனால் எந்த வெள்ளையை வெள்ளை என்று வைத்துக்கொள்வது என்று சர்வதேச ஒளியியல் ஆணையம் சில அளவுகளை நிர்ணயித்தது. அவற்றில் டி65 என்பது நடுப்பகல் வெளிச்சத்துக்குக் கிட்டத்தட்ட ஒப்பானது. உங்கள் டிவி, போன், கம்ப்யூட்டர் திரை எல்லாமே பெரும்பாலும் இந்த வெள்ளையை வைத்துத்தான் வடிவமைக்கப்படுகின்றன. அச்சகக்காரர்கள் மட்டும் டி50 என்பார்கள், அது 5000 கெல்வின்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு சங்கதி உண்டு. டி65-ன் உண்மையான நிற வெப்பநிலை இன்று 6500 இல்லை, 6504. வெளிச்சம் மாறவில்லை. வெப்பநிலையைக் கணக்கிடும் சூத்திரத்தில் வரும் ஒரு மாறிலியின் மதிப்பைப் பிற்பாடு விஞ்ஞானிகள் திருத்தினார்கள். கணக்கு நாலு கெல்வின் தள்ளிப்போய்விட்டது. அதற்காகக் குறியீட்டை யாரும் டி65.04 என்று மாற்றவில்லை. ஒருமுறை ஒட்டிய சீட்டு ஒட்டியதுதான்.

மூன்றாவது, செஸ். ஆட்டத் தொடக்கங்களை வகைப்படுத்த யூகோஸ்லாவியாவில் 1970-களில் ஒரு கலைக்களஞ்சியம் வந்தது. ஐந்து தொகுதிகள், ஏ முதல் இ வரை. ஒவ்வொன்றிலும் 00 முதல் 99 வரை. ஆக 500 குறியீடுகள். உலகத்தில் யார் எந்த ஆட்டம் ஆடினாலும் அதன் தொடக்கம் இந்த 500-ல் ஒன்றில் வந்து விழும். அதில் டி65 என்பது குயின்ஸ் காம்பிட் மறுப்பு என்ற தொடக்கத்தில், போலந்து ஆட்டக்காரர் அகிபா ரூபின்ஸ்டைன் பெயரால் வழங்கும் தாக்குதலின் ஒரு கிளை. இங்கே டி என்ற எழுத்துக்குத் தனிப் பொருள் எதுவும் இல்லை. நாலாவது தொகுதி, அவ்வளவுதான்.

நாலாவது, ஆஸ்பத்திரி. உலக சுகாதார நிறுவனம் நோய்களுக்கெல்லாம் குறியீடு வைத்திருக்கிறது. இன்சூரன்ஸ் படிவத்திலும் டிஸ்சார்ஜ் சீட்டிலும் நோயின் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு எழுத்தும் எண்ணும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான். அந்தப் பட்டியலின் பத்தாவது பதிப்பில் டி65 என்றால், உடம்பு முழுக்கச் சின்னச் சின்ன ரத்தக் குழாய்களில் ரத்தம் உறைந்து, உறைய வைக்கும் சரக்கெல்லாம் அதிலேயே தீர்ந்துபோய், பிறகு நிறுத்த முடியாமல் கசியத் தொடங்கும் ஓர் ஆபத்தான நிலை. டாக்டர்கள் டிஐசி என்பார்கள். இங்கேயும் எழுத்துக்குப் பொருள் கிடையாது. ஏ, பி தொற்றுநோய்களுக்குப் போய்விட்டன. சி முழுவதும் புற்றுநோய். டி-யின் முதல் பாதியும் கட்டிகளுக்குப் போக, மிச்சமிருந்த பாதி ரத்தக் கோளாறுகளுக்குக் கிடைத்தது.

ஆக, ஒரே டி65. ஒரு இடத்தில் எழுத்துக்கும் எண்ணுக்கும் பொருள் இருக்கிறது (வெளிச்சம்). ஒரு இடத்தில் எழுத்துக்கு மட்டும் இருக்கிறது (கப்பல்). இரண்டு இடத்தில் இரண்டுமே அலமாரியில் எந்தத் தட்டு, எத்தனையாவது புத்தகம் என்பது போல வெறும் இடக்குறிப்பு.

அப்படியானால் ஏன் குழப்பம் வருவதில்லை?

குறியீட்டை ஒரு பொருளின் பெயராக நினைத்தால் இதெல்லாம் விசித்திரமாகத் தெரியும். கதவிலக்கமாக நினைத்தால் எதுவும் விசித்திரமில்லை. 14-ஆம் நம்பர் வீடு எல்லாத் தெருவிலும் இருக்கிறது. “14-ஆம் நம்பர் வீட்டுல கொடுத்துட்டு வா” என்று அம்மா சொன்னால் நாம் எந்தத் தெரு என்று கேட்பதில்லை, ஏனென்றால் தெருவைச் சொல்லாமலே சொல்லியாயிற்று. டி65-ம் அப்படித்தான். அது ஒரு பட்டியலுக்குள் இருக்கும் இடம். எந்தப் பட்டியல் என்பது குறியீட்டில் எழுதியிருப்பதில்லை, பேசுகிறவரின் தொழிலிலும் பேச்சு நடக்கும் இடத்திலும் இருக்கிறது. கம்ப்யூட்டர்க்காரர்கள் இதைப் ‘பெயர்வெளி’ என்கிறார்கள். ஒரு வெளிக்குள் ஒரே பெயர் இரண்டு பேருக்கு இருக்கக் கூடாது. வெளிக்கு வெளியே யாருக்கு இருந்தாலும் கவலையில்லை.

மோதல் வராமல் இருக்கவும் முடியாது. சின்னக் கணக்கு: ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் என்றால் 26 எழுத்து, ஒவ்வொன்றோடும் 00 முதல் 99 வரை நூறு எண், மொத்தம் 2600 குறியீடுகள். ஓர் எழுத்து, ஓர் இலக்கம் என்றால் வெறும் 260. உலகத்தில் இருக்கும் ரோடுகள், கப்பல்கள், ரயில் பெட்டிகள், என்ஜின்கள், கேமராக்கள் எத்தனை! எல்லாரும் இந்தச் சின்னக் கூடைக்குள்தான் கைவிட்டு எடுக்க வேண்டும். அதிலும் யாரும் நடுவில் எங்கோ இருக்கும் கியூ7-ல் ஆரம்பிப்பதில்லை. பட்டியல் போடுகிறவர் எல்லாருமே ஏ1-ல்தான் ஆரம்பிக்கிறார்கள். அதனால் கூடையின் முன்பக்கத்தில் எப்போதும் நெரிசல்.

செஸ் பட்டியலின் ஐநூறும் ஏ முதல் இ வரைதான் என்று சொன்னேன் அல்லவா? நோய்ப் பட்டியலும் அதே எழுத்துகளில்தான் ஆரம்பிக்கிறது. அதனால் பெரும்பாலான செஸ் தொடக்கத்துக்கு ஜோடியாக ஒரு நோய் கிடைக்கும். இ11 என்றால் செஸ்ஸில் போகோ-இந்தியன் தடுப்பாட்டம். ஆஸ்பத்திரியில் நம் ஊரில் வீட்டுக்கு ஒருவருக்கு இருக்கும் இரண்டாம் வகைச் சர்க்கரை. சி50 அங்கே இத்தாலியன் ஆட்டம், இங்கே மார்பகப் புற்றுநோய். செஸ் ஆடும் டாக்டர்கள் இதைப் பார்த்து என்ன நினைப்பார்கள் என்று எனக்குச் சில சமயம் தோன்றும்.

எண் எங்கிருந்து வருகிறது

எழுத்தைவிட எண்தான் வேடிக்கையானது. பல சமயம் அது வெறும் வரிசை எண். ஆனால் சில பட்டியல்களில் எண்ணே செய்தி சொல்லும். எந்த வகை என்று தெரிந்துகொண்டால் பாதிக் குறியீட்டைப் படித்துவிடலாம்.

நம் எல்லாருக்கும் தெரிந்த ஏ4 பேப்பரை எடுத்துக்கொள்வோம். ஜெராக்ஸ் கடையில் “ஏ4-ஆ, லீகலா?” என்று கேட்கும்போது அந்த 4 எதைக் குறிக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை. அது எத்தனை முறை பாதியாக்கியது என்ற கணக்கு. ஏ0 என்பது சரியாக ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள பெரிய தாள். அதைப் பாதியாக மடித்து வெட்டினால் ஏ1, மறுபடி பாதியாக்கினால் ஏ2, நாலாவது முறை ஏ4. நீளமும் அகலமும் இருக்கும் விகிதம், எத்தனை முறை மடித்தாலும் மாறாது என்பதுதான் இதில் சாமர்த்தியம். 1922-ல் ஜெர்மனியில் தரமாக்கினார்கள். இதை வைத்து ஒரு கணக்கும் போடலாம்: ஒரு ஏ0-வில் பதினாறு ஏ4 இருக்கிறது. கடையில் வாங்கும் பேப்பர் 80 ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் 80 கிராம். பதினாறால் வகுத்தால் ஒரு ஏ4 தாள் சரியாக 5 கிராம். தபாலில் அனுப்பும் கவரின் எடையைத் தராசு இல்லாமலே சொல்லிவிடலாம்.

சங்கீதத்திலும் ஒரு ஏ4 இருக்கிறது. பியானோவில் நாலாவது ஸ்தாயியின் ‘ஏ’ ஸ்வரம், விநாடிக்கு 440 அதிர்வு. மேற்கத்திய வாத்தியங்கள் அதை வைத்துத்தான் சுருதி சேர்க்கின்றன. பிரிட்டனில் ஏ4 என்பது லண்டனிலிருந்து மேற்கே பிரிஸ்டல் பக்கம் போகும் ரோடு. அங்கே ஏ1 முதல் ஏ5 வரை ஐந்தும் லண்டனிலிருந்து கடிகார முள் சுற்றும் திசையில் கிளம்புகின்றன. ரோட்டின் முதல் இலக்கத்தைப் பார்த்தே நாட்டின் எந்தப் பகுதி என்று ஓரளவு ஊகிக்கலாம். இலங்கையில் ஏ4 கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக மட்டக்களப்பு போகிறது. அதே பிரிட்டனில் ஏ4 என்று ஒரு நீராவி என்ஜின் வகையும் உண்டு. அதில் மல்லார்ட் என்ற என்ஜின் 1938-ல் மணிக்கு 126 மைல் ஓடிச் சாதனை படைத்தது. ஜெர்மானியர்களின் வி-2 ராக்கெட்டுக்கு அவர்களுடைய பொறியாளர்கள் வைத்த பெயரும் ஏ4.

நம் நாட்டு தேசிய நெடுஞ்சாலைகளின் எண்ணில் வரைபடமே ஒளிந்திருக்கிறது. 2010-ல் எல்லாச் சாலைகளுக்கும் புது எண் கொடுத்தார்கள். வடக்கு தெற்காகப் போகும் சாலைக்கு இரட்டைப்படை. கிழக்கிலிருந்து மேற்கே போகப் போக எண் ஏறும். கிழக்கு மேற்காகப் போவதற்கு ஒற்றைப்படை. வடக்கிலிருந்து தெற்கே வர வர ஏறும். அதனால்தான் என்ஹெச் 1 காஷ்மீர், லடாக் பக்கம் இருக்கிறது, ராமேஸ்வரம் தாண்டி தனுஷ்கோடிக்குப் போகும் சாலைக்கு 87. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை வரும் 44 நாட்டின் நடுவே இறங்குகிறது, மேற்குக் கரையோரம் வருவது 66. மூன்று இலக்கம் வந்தால் கிளைச் சாலை: திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் 132, சென்னையிலிருந்து கடற்கரை ஊர்கள் வழியாகத் தூத்துக்குடி போகும் 32-ன் கிளை.

வைட்டமின்களில் வேறு கதை. பி1, பி2, பி3, பி5, பி6, பி7, பி9, பி12. நடுவில் 4, 8, 10, 11 எங்கே? ஒரு காலத்தில் அந்த எண்களும் ஏதோ ஒரு பொருளுக்குக் கொடுக்கப்பட்டிருந்தன. பிறகு அவை வைட்டமினே இல்லை என்று தெரிந்தது; எடுத்துவிட்டார்கள். மிச்சத்தை மறுபடி வரிசைப்படுத்தவில்லை. விழுந்த பல்லின் இடம் அப்படியே இருக்கிறது.

அந்தப் பி12 குறைந்தால் வரும் ரத்தசோகைக்கு ஆஸ்பத்திரிக் குறியீடு டி51. கப்பல் பட்டியலில் டி51 என்பது ஐஎன்எஸ் ராஜ்புத். சோவியத் ஒன்றியத்தில் கட்டி 1980-ல் வந்து 2021 வரை ஓடிய நாசகாரி. ஜப்பானில் போய் டி51 என்று சொன்னால் ரயில் பிரியர்கள் முகம் மலரும். அது அங்கே ஆயிரத்துக்கும் மேல் செய்த ஒரு நீராவி என்ஜின் வகை. டி, ஐந்து, ஒன்று என்பதை அவர்கள் மொழியில் சேர்த்துச் சொல்லி ‘டெகோயிச்சி’ என்று செல்லப் பெயரே வைத்துவிட்டார்கள். அங்கே டி-க்குப் பொருள் என்ன தெரியுமா? இயக்குச் சக்கர ஜோடிகள் நாலு. மூன்று என்றால் சி. ஒரே எழுத்துக்கு எத்தனை வேலை பாருங்கள்.

எண்ணைக் கொஞ்சம் பந்தாவுக்காகக் கொடுப்பதும் உண்டு. அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கிகளுக்கு வரிசையாக எண் கொடுத்து 773 வரை வந்துவிட்டது. நடுவில் ‘இருபத்தோராம் நூற்றாண்டின் நீர்மூழ்கி’ என்று ஒரு திட்டம் போட்டு அதற்கு எஸ்எஸ்என்-21 என்று பெயர் வைத்தார்கள். திட்டத்தின் பெயரே கப்பலின் எண்ணாக ஒட்டிக்கொண்டது. சீவுல்ஃப் 21, அதன் தங்கைகள் 22, 23. அதற்கு அடுத்த வகை மறுபடி 774-ல் ஆரம்பித்தது. இப்போது பட்டியலை மட்டும் பார்ப்பவர் 23-ஆம் எண் கப்பல் 774-க்குச் சற்றுப் பின்னால் வந்தது என்று எப்படி நம்புவார்?

இந்தியாவில் எண்ணைப் பாசத்தோடு திரும்பக் கொடுத்ததும் நடந்திருக்கிறது. 1961-ல் வந்து 1997-ல் ஓய்வுபெற்ற விமானந்தாங்கி விக்ராந்தின் எண் ஆர்11. 2022 செப்டம்பரில் உள்நாட்டிலேயே கட்டிய புது விக்ராந்த் வந்தபோது பெயரோடு ஆர்11-ம் அதற்கே போனது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது மாதிரி.

மோதினால் என்ன ஆகும்?

பட்டியல்கள் தனித்தனியாக இருக்கும்வரை சிக்கல் இல்லை. ஒரே ஆள் இரண்டு பட்டியலையும் கையில் வைத்திருந்தால்தான் வம்பு. பிரிட்டிஷ் கடற்படையில் இப்படி ஒன்று நடந்தது. லங்காஸ்டர் என்ற ஃப்ரிகேட்டுக்கு முதலில் எஃப்232 என்று எண் கொடுத்தார்கள். அப்புறம்தான் யாருக்கோ உறைத்தது: கப்பல் எங்காவது மோதினாலோ தரைதட்டினாலோ அதைப் பதிவுசெய்யும் அதிகாரபூர்வப் படிவத்தின் எண் எஸ்232. எழுத்து வேறுதான், ஆனாலும் கடலோடிகளுக்குச் சகுனம் முக்கியம். விபத்துப் படிவத்தின் எண்ணை நெற்றியில் ஒட்டிக்கொண்டு யார் கடலுக்குப் போவார்கள்? சத்தமில்லாமல் எஃப்229 என்று மாற்றிவிட்டார்கள். இதை மூடநம்பிக்கை என்று சிரிக்கலாம். எனக்கென்னவோ மாற்றியது சரி என்றே படுகிறது. பெயின்ட் செலவோடு போயிற்று.

இன்னொரு வகைக் குழப்பம் கண்ணாலும் காதாலும் வருவது. வண்டி நம்பர் பிளேட்டில் வரும் எழுத்து வரிசையில் ஐ, ஓ இரண்டையும் தவிர்க்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஐ ஒன்று மாதிரி, ஓ பூஜ்யம் மாதிரி தெரியும். காதுக்கு வந்தால் நம் மொழியின் வில்லங்கம்: பம்பாயின் பி-யும் பாரிஸின் பி-யும் தமிழில் எழுதினால் ஒன்றுதான். டெல்லியின் டி, டோக்கியோவின் டி கதையும் அதுவே. ரயிலில் மூன்றாம் வகுப்பு ஏசி பெட்டி பி2 என்று எழுதினால் தமிழ் மட்டும் படிப்பவருக்கு எந்தப் பி என்று தெரியாது. அதனால்தான் போனில் பிஎன்ஆர், ஐஎஃப்எஸ்சி என்று எதைச் சொன்னாலும் “பி ஃபார் பாம்பே, டி ஃபார் டெல்லி” என்று நாமே ஒரு ராகம் போட ஆரம்பித்துவிடுகிறோம்.

பட்டியலையே மாற்றும்போது வருவது இன்னும் பெரிய தலைவலி. சென்னையில் வீட்டு விலாசம் எழுதியவர்களுக்கு இது தெரியும்: பழைய எண் 14, புதிய எண் 27. புது எண் வந்து எத்தனை வருஷமானாலும் பழையது சாகாது. கூரியர்காரர் ஒன்றைத் தேடுவார், பால்காரர் இன்னொன்றைச் சொல்வார். நெடுஞ்சாலையிலும் அதேதான். சென்னையிலிருந்து திருச்சி, திண்டுக்கல் வழியாகத் தேனிக்குப் போன சாலை பல வருஷம் என்ஹெச் 45. 2010-க்குப் பிறகு அது துண்டு துண்டாக 32, 132, 38, 83, 183 என்று பிரிந்துவிட்டது. இன்றைய 45 மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறது. ஆனால் ஜிஎஸ்டி ரோட்டில் டீக்கடையில் கேட்டால் இன்றும் “நாப்பத்தஞ்சு” என்று சொல்பவர்கள் உண்டு. திருச்சிக்காரர்களுக்கு அந்த எண்ணின் மேல் கூடுதல் உரிமை வேறு. திருச்சி வண்டிகளின் பதிவு எண்ணும் டிஎன் 45-தான். இரண்டும் தற்செயல், ஆனாலும் என் திருச்சி மாமா ஒருவர் அதைத் தற்செயல் என்று ஒப்புக்கொண்டதே இல்லை.

குறியீடே பெயராகிவிட்டால்

சில குறியீடுகள் பட்டியலைவிட்டு இறங்கித் தனியாக நடக்க ஆரம்பித்துவிடும்.

1856-ல் மான்ட்கோமரி என்ற நில அளவையாளர் காஷ்மீரில் ஒரு மலைமேல் நின்று இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் தெரிந்த சிகரங்களைக் குறித்துக்கொண்டார். காரகோரம் மலைத்தொடர் என்பதால் கே. முதலில் தெரிந்தது கே1, அடுத்தது கே2. தற்காலிகக் குறிப்புதான், ஊர்க்காரர்கள் சொல்லும் பெயரைக் கண்டுபிடித்துப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பது திட்டம். கே1-க்கு மஷர்பிரம் என்று பெயர் கிடைத்தது. கே2 அவ்வளவு உள்ளே, ஊர்களிலிருந்து அவ்வளவு தள்ளி இருந்ததால் பரவலாக வழங்கிய பெயர் எதுவும் கிடைக்கவில்லை. 8,611 மீட்டர், உலகத்தின் இரண்டாவது உயரமான சிகரம், இன்றும் நோட்டுப்புத்தகக் குறிப்பின் பெயரோடுதான் நிற்கிறது. அயனாவரத்தில் இறங்கி கே2 எங்கே என்று கேட்டுப் பாருங்கள், கைநீட்டிக் காட்டுவார்கள். அங்கே காவல் நிலையத்தின் குறியீடு அது. சென்னைக் காவல் நிலையங்களுக்கு இப்படி எழுத்தும் எண்ணும் உண்டு: இ-1 மயிலாப்பூர், டி-1 திருவல்லிக்கேணி, ஜே-2 அடையாறு, ஆர்-1 மாம்பலம். போலீஸ்காரர்கள் பேசும்போது ஊர்ப் பெயரே வராது, “ஈ ஒன்ல கேஸு” என்றால் போதும்.

பெயரே வைக்காமல் குறியீட்டோடு கடலுக்குப் போன கப்பல்களும் உண்டு. அமெரிக்காவின் ஆரம்பகால நீர்மூழ்கிகள் பலவற்றுக்கு எழுத்தும் எண்ணும்தான் பெயர். அவற்றில் எஃப்-4 என்பது 1915-ல் ஹொனலூலு அருகே மூழ்கியது. உள்ளே இருந்த 21 பேரும் இறந்தார்கள். பின்னாளில் அதே எஃப்-4, ஃபான்டம் என்ற புகழ்பெற்ற சண்டை விமானத்தின் குறியீடாயிற்று. இன்று அந்தக் குறியீட்டைச் சொன்னால் பெரும்பாலானவர்களுக்கு விமானம்தான் நினைவுக்கு வரும்.

நமக்கு இன்னும் பக்கத்தில் இருப்பது ஏ9. தாள் அளவில் ஏ9 என்பது 37-க்கு 52 மில்லிமீட்டர், ஒரு தீப்பெட்டியளவு. 2015-ல் வந்த ஐபோன் 6எஸ்-க்குள் இருந்த சிப்பும் ஏ9. ஸ்காட்லாந்தில் வடக்கே போகும் நீண்ட சாலை ஒன்றும் ஏ9. இலங்கைத் தமிழரிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. கண்டியிலிருந்து வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணம் போகும் முந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அந்த வீதியின் எண், அரசாங்கப் பட்டியலில் ஏ8-க்கும் ஏ10-க்கும் நடுவில் இருக்கும் ஒரு எண்தான். ஆனால் போர்க்காலத்தில் அது மூடிக் கிடந்தது, 2002 போர்நிறுத்தத்தில் திறந்தது, 2006 ஆகஸ்டில் மறுபடி மூடியது. சாலை மூடினால் சாமான் விலை ஏறும், ஊருக்குப் போக முடியாது, பிள்ளையைப் பார்க்க முடியாது. “ஏ9 திறந்தாச்சாம்” என்ற ஒரு வரி எத்தனையோ வீடுகளில் என்னவெல்லாமோ செய்திருக்கிறது. ஏ8 பற்றி அப்படி யாரும் பேசிக் கேட்டதில்லை.

ஜெர்மனியிலும் ஒரு ஏ9 இருக்கிறது, பெர்லினிலிருந்து மியூனிக் வரை. அங்கே குடியேறிய யாழ்ப்பாணத்துக்காரர்கள் எத்தனையோ பேர் அதில் வண்டி ஓட்டியிருப்பார்கள். ஜெர்மன் நெடுஞ்சாலைப் பலகையில் ஒரு விசேஷம்: நீலப் பின்னணியில் வெள்ளையாக எண்ணை மட்டும்தான் எழுதுவார்கள், முன்னால் எழுத்து இருக்காது. வெறும் 9. அந்த ஏ-வைப் படிக்கிறவர்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.